டெல்மார்க்கை வாழவைத்தது ஓர் இசைத்தட்டுக் கடை

கேள்வி இதுதான்: ஜாஸ், ப்ளூஸ் இசைத்தட்டு நிறுவனம் என்றாலே ப்ளூ நோட், செஸ் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பெரிய கம்பெனி எதன் கையிலும் போய்ச் சேராமல் சொந்தக் காலில் நின்ற சின்ன லேபிள் ஒன்றாவது இருக்கிறதா, இருந்தால் அது எப்படிப் பிழைத்தது, புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இருக்கிறது. சிகாகோவின் டெல்மார்க் ரெக்கார்ட்ஸ். 1953-ல் பாப் கோஸ்டர் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ப்ளூ நோட் 1960-களின் நடுவிலேயே லிபர்ட்டி கம்பெனியிடம் போய்விட்டது, செஸ் 1969-ல் விற்கப்பட்டது, பிரெஸ்டீஜ் 1971-ல் ஃபேன்டஸியிடம் போனது. இவற்றோடு ஒப்பிட்டால் டெல்மார்க் ரொம்பச் சின்னது. ஆனால் ஒரே ஆள் கையில் 65 வருடம் இருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சரியான காரணம், அந்த ஆள் ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் என்பதுதான். லேபிளின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆல்பங்களின் பட்டியலைத்தான் எழுதுகிறார்கள், கடை அதில் ஒரு வரியோடு போய்விடுகிறது. அதனால் நான் கடையை விடாமல் பிடித்துக்கொண்டே சொல்கிறேன்.

கோஸ்டர் 1932-ல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகளைச் சேர்க்கும் பைத்தியம். சிகாகோ, நியூயார்க் போன்ற ஊர்களுக்குப் படிக்க அனுப்பினால் பையன் பாட்டுக் கேட்டே கெட்டுப்போவான் என்று பயந்துதான் வீட்டில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் பல்கலைக்கழகத்தைச் சுற்றியே கறுப்பினத்தவரின் ஜாஸ் கிளப்புகள். விடுதி அறையிலிருந்தே தபாலில் 78 தட்டுகளை விற்க ஆரம்பித்தார், கொஞ்ச நாளில் ஒரு நண்பரோடு சேர்ந்து சின்னக் கடை போட்டார். படிப்பு பின்னுக்குப் போனது, கடை முன்னுக்கு வந்தது. 1953-ல் உள்ளூரில் பழைய பாணி ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த விண்டி சிட்டி சிக்ஸ் என்ற குழுவைப் பதிவு செய்து ஒரு தட்டு போட்டார். ஊரின் ஒரு பெரிய சாலை டெல்மார் புலவார்டு, அதன் பெயரையே லேபிளுக்கு வைத்தார்: டெல்மார். கடைசியில் வரும் அந்த 'க்' பிறகு சிகாகோவில் ஒட்டிக்கொண்டது.

ஆக, வரிசையை கவனியுங்கள். முதலில் கடை, அப்புறம்தான் லேபிள். இந்த வரிசை கடைசி வரை மாறவில்லை.

செயின்ட் லூயிஸில் அவர் செய்த முக்கியமான வேலை, ஊருக்குள்ளேயே மறக்கப்பட்டுக் கிடந்த பழைய ப்ளூஸ் கலைஞர்களைத் தேடிப் பிடித்தது. இதில் அவருக்குக் கைகொடுத்தவர் சார்லி ஓ'பிரையன் என்ற போலீஸ்காரர். ரோந்து போகிற மனிதருக்கு எந்தத் தெருவில் யார் இருக்கிறார் என்பது தெரியுமல்லவா, அவர் தன் ஓய்வு நேரத்தில் பழைய இசைத்தட்டுகளில் பெயர் இருக்கிறவர்களை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தார். அப்படி 1954-ல் கிடைத்தவர்தான் ஸ்பெக்கிள்ட் ரெட் என்ற பியானோக்காரர். 1929-ல் 'தி டர்ட்டி டஜன்ஸ்' என்ற பாட்டால் பெயர் வாங்கியவர். டஜன்ஸ் என்பது ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் மாற்றி மாற்றி வசைபாடும் விளையாட்டு, நம் ஊர் ஏசல் பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நூற்றாண்டு கழித்து அந்த மனிதர் அதே ஊரில் கூலி வேலை பார்த்துக்கொண்டு இருந்தார். டெல்மாரின் முதல் ப்ளூஸ் ஆல்பம் அவருடையது. ஒன்பது தந்தி போட்ட கிதாரோடு ஊர் ஊராகத் திரிந்த பிக் ஜோ வில்லியம்ஸ், ஜே.டி. ஷார்ட் இவர்களையும் கோஸ்டர் அங்கேயே பதிவு செய்தார். யாரும் இதில் காசு பார்க்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் இவர்களுடைய பழைய தட்டுகளைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது கோஸ்டருக்கு மட்டும் தெரியும்.

1958-ல் சிகாகோ போனார். அடுத்த வருடமே சீமோர்ஸ் என்ற ஜாஸ் தட்டுக் கடையை விலைக்கு வாங்கினார், அதுதான் பிறகு ஜாஸ் ரெக்கார்ட் மார்ட் ஆனது. 1963-ல் கடை மேற்கு கிராண்ட் அவென்யூ 7-ஆம் எண்ணுக்கு மாறியது. மேலே கடை, கீழே அடித்தளத்தில் லேபிளின் சரக்கு. பிக் ஜோ வில்லியம்ஸ் சிகாகோ வந்தால் கோஸ்டரின் கடையில்தான் படுக்கை. கவுண்டரில் நின்று தட்டு விற்ற பையன்களில் ஒருவர் சார்லி மசல்வைட், பின்னாளில் அவரே பெரிய மவுத் ஆர்கன் கலைஞர். பின்னாளில் பெயர் வாங்கிய கிதார் கலைஞர் மைக் புளூம்ஃபீல்டு கடையே கதியென்று கிடப்பார். ப்ளூஸ் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று மிச்சிகனிலிருந்து கிளம்பி வந்த ஒரு பையனுக்குக் கோஸ்டர் தங்க இடம் கொடுத்தார், பங்க் ராக்குக்கு வழிபோட்ட இகி பாப் அவர்தான். ஐரோப்பாவிலிருந்து வரும் ப்ளூஸ் ரசிகர்கள் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நேராக இந்தக் கடைக்கு வருவார்கள், கோஸ்டர் அவர்களை ராத்திரி கறுப்பினத்தவர் வாழ்ந்த சவுத் சைடு, வெஸ்ட் சைடு பகுதிகளின் கிளப்புகளுக்குக் கூட்டிப்போவார். வெள்ளைக்காரர்கள் தனியாகப் போகத் தயங்கிய இடங்கள் அவை, கோஸ்டருக்கோ அங்கே எல்லோரும் தெரிந்த முகம்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சின்ன லேபிள்கள் எதனால் சாகின்றன என்பது புரிந்தால்தான் இது ஏன் சாகவில்லை என்பது புரியும். ஒரு தட்டு போட ஸ்டுடியோ வாடகை, கலைஞர்களுக்கு யூனியன் கூலி, தட்டு அச்சடிக்கும் செலவு, அட்டை, இவ்வளவும் முன்கூட்டியே கையிலிருந்து போக வேண்டும். திரும்பி வருவது விநியோகஸ்தர் வழியாக, பல மாதம் கழித்து. அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. ஒரு பாட்டு திடீரென்று ஹிட் ஆகிவிட்டால் ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்பியாக வேண்டும், அச்சகத்துக்கு உடனே பணம் கட்டியாக வேண்டும், ஆனால் விநியோகஸ்தர் பழைய பாக்கியை எப்போது தருவார்? அடுத்த ஹிட்டை நீங்கள் கையில் வைத்திருந்தால்தான் தருவார், இல்லையென்றால் இழுத்தடிப்பார், விற்காத தட்டுகளைத் திருப்பி அனுப்புவார். ஹிட் அடித்தே திவாலான சின்ன லேபிள்கள் அமெரிக்காவில் நிறைய. கோஸ்டர் இந்த ஓட்டத்திலேயே சேரவில்லை. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள 45 சுழற்சி சிங்கிள் தட்டு, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், வானொலி இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மெதுவாக ஆனால் பல வருடம் விற்கும், பல பாட்டுகள் கொண்ட எல்பி ஆல்பங்களை மட்டும் குறிவைத்தார். தினமும் மாலை கடையின் கல்லாவில் ரொக்கம் இருக்கும். அடுத்த பதிவுக்கான பணம் அதிலிருந்து வரும். ஒரு தட்டு முதல் வருடத்தில் விற்காவிட்டால் குடி முழுகிப் போகாது, அடித்தளத்தில் கிடக்கட்டும், பத்து வருடம் கழித்து யாராவது வந்து கேட்பார்கள். போட்ட தட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல் வைத்திருப்பது என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. பெரிய கம்பெனிகள் இதற்கு நேர்மாறு, இரண்டு மூன்று வருடம் விற்பனை மந்தமென்றால் தட்டு சந்தையிலிருந்தே காணாமல் போய்விடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் டெல்மார்க் போட்டது பெரும்பாலும் பழைய கிராமத்து ப்ளூஸ். ஸ்லீப்பி ஜான் எஸ்டஸ் செத்துப்போய்விட்டார் என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் டென்னஸியின் பிரவுன்ஸ்வில்லில் கண் பார்வை போய், கடும் வறுமையில் இருந்தார். ஓர் ஆவணப்பட இயக்குநர் அவரைக் கண்டுபிடித்த தகவல் கோஸ்டருக்கு வந்ததும் 1962-ல் சிகாகோவுக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். ஆர்தர் 'பிக் பாய்' க்ருடப்பின் கதை இன்னும் வலிக்கும். 1946-ல் அவர் எழுதிப் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற பாட்டைத்தான் 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் தட்டாகப் பாடினார். க்ருடப்புக்கு வந்து சேர வேண்டிய ராயல்டி வரவே இல்லை, இசையை விட்டுவிட்டு உடலுழைப்பில்தான் வாழ்ந்தார். அறுபதுகளின் கடைசியில் டெல்மார்க் அவரை மறுபடி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தது. பணம் கொட்டிவிடவில்லை, ஆனால் தன் பெயர் போட்ட புதிய தட்டு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்க அவருக்குக் கிடைத்தது.

சரி, டெல்மார்க்கின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன தட்டுக்கு வருவோம். 'ஹூடூ மேன் ப்ளூஸ்', 1965. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

சவுத் சைடில் இண்டியானா அவென்யூவில் தெரசாஸ் லவுஞ்ச் என்று ஒரு கிளப், தெருவிலிருந்து படி இறங்கிப் போகும் நிலவறை. பாடகரும் மவுத் ஆர்கன் கலைஞருமான ஜூனியர் வெல்ஸ் அங்கே வாசிப்பார், பெரும்பாலும் கிதாரில் பட்டி கய். அந்தக் காலத்தில் சிகாகோவின் மின்கிதார் ப்ளூஸ் எல்பி என்றால் பெரும்பாலும் முன்னாடியே வந்த சிங்கிள்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்ததாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டும் ஜூக்பாக்ஸுக்காக மூன்று நிமிடத்துக்குள் வெட்டப்பட்டது. கிளப்பில் இரவு பதினோரு மணிக்கு ஒரு குழு எப்படி ஒலிக்கிறதோ, பாட்டை எப்படி அவசரமில்லாமல் விரிக்கிறதோ, அந்தச் சத்தம் தட்டில் கிடையாது. கோஸ்டர் ஜூனியர் வெல்ஸிடம் கேட்டது அதைத்தான்: கிளப்பில் வாசிக்கிற ஆட்களோடு வா, நீ விரும்புகிற பாட்டைப் பாடு, எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள். செப்டம்பர் 1965-ல் இரண்டு நாள், சவுண்ட் ஸ்டுடியோஸ் என்ற இடம், ஒலிப்பதிவு ஸ்டூ பிளாக். மொத்தம் நாலே பேர். ஜூனியர் குரலும் மவுத் ஆர்கனும், பட்டி கய் கிதார், ஜாக் மையர்ஸ் பேஸ், பில்லி வாரன் டிரம்ஸ். பியானோ கிடையாது, இரண்டாவது கிதார் கிடையாது.

நடுவில் பட்டி கய்யின் ஆம்ப், அதாவது கிதாரின் ஒலிபெருக்கி, மக்கர் செய்தது. அதைச் சரிசெய்யும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று ஸ்டூ பிளாக் கிதாரின் வயரை எடுத்து ஸ்டுடியோவில் இருந்த ஹேமண்ட் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கரில் சொருகிவிட்டார். லெஸ்லிக்குள் ஒலி வெளிவரும் பாகமே சுழலும், அதனால் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அலையடிக்கும். தலைப்புப் பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, குரலை விட்டுவிட்டு கிதாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அந்த அலைவு தெளிவாகத் தெரியும். நான் முதல் தடவை கேட்டபோது அது கிதார் என்றே தோன்றவில்லை, எங்கேயோ ஆர்கன் இருக்கிறது என்று அட்டையில் பெயர் தேடினேன். பழுதான கருவியை ஒரு காரணமாக வைத்துப் பதிவை நிறுத்தாமல் போனதால் கிடைத்த சத்தம் அது. பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் வேறு ஆம்ப் வரும்வரை எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டை என்றதும் இன்னொன்று. முதலில் வந்த அட்டையில் பட்டி கய் என்ற பெயரே இல்லை, 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று இருந்தது. அவர் செஸ் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார், பெயரைப் போட்டால் வம்பு வரும் என்று கோஸ்டர் நினைத்தார். பட்டி என்றால் நண்பன், கய் என்றால் ஆள், அதையே வேறு சொற்களில் 'சிநேகமான ஆள்' என்று மாற்றி எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் சொந்தப் பெயர் வந்தது.

ஜூனியர் வெல்ஸ் முதன்முதலில் மவுத் ஆர்கன் வாங்கிய கதையை அவர் வாயாலேயே சொல்லி இந்தத் தட்டின் பின்னட்டையில் அச்சிட்டிருந்தார்கள். சின்னப் பையனாக இருந்தபோது அடகுக் கடையில் ஒரு மவுத் ஆர்கனைப் பார்க்கிறார், விலை இரண்டு டாலர். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஒரு சோடா வண்டியில் வாரம் முழுக்க வேலை பார்க்கிறார், சனிக்கிழமை கூலி ஒன்றரை டாலர்தான் கொடுக்கிறார்கள். கடைக்காரரிடம் கெஞ்சிப் பார்க்கிறார், அவர் மசியவில்லை, மவுத் ஆர்கனை மேஜையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். பையன் ஒன்றரை டாலரை அங்கே வைத்துவிட்டு மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். வழக்கு நீதிமன்றம் போகிறது. ஏன் எடுத்தாய் என்று நீதிபதி கேட்க, எனக்கு அது வேண்டியிருந்தது என்கிறான். எங்கே வாசி பார்ப்போம் என்கிறார். வாசிக்கிறான். நீதிபதி மிச்ச ஐம்பது சென்ட்டைத் தன் கையிலிருந்து கொடுத்து வழக்கைத் தள்ளுபடி செய்கிறார். டெல்மார்க்கின் வரலாற்றிலேயே அதிகம் விற்ற தட்டு இதுதான், அறுபது வருடமாக விற்றுக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது மேஜிக் சாம். வெஸ்ட் சைடு கிதார் என்று ஒரு பாணி, அதன் மூன்று தூண்கள் ஓட்டிஸ் ரஷ், பட்டி கய், மேஜிக் சாம். சாம் 1957-ல் கோப்ரா என்ற சின்ன லேபிளில் சில சிங்கிள்கள் போட்டார், அந்த லேபிள் இரண்டு வருடத்தில் திவாலானது. இடையில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ஓடிவந்து, சிறைக்கும் போய்வந்தார். 1967-ல் டெல்மார்க்குக்காக 'வெஸ்ட் சைடு சோல்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். என்னைக் கேட்டால் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' தட்டைவிட இது ஒரு படி மேலே. 'ஹூடூ மேன்' தட்டில் அந்த இடமும் நேரமும் உங்களைப் பிடித்துக்கொள்ளும், இதில் அந்த ஒரு மனிதர். குரல் மேலே ஏறும்போது உடைகிறதோ என்று தோன்றும், உடையாது, அப்படியே நடுங்கி நிற்கும். அடுத்த வருடம் 'பிளாக் மேஜிக்' பதிவானது. 1969 ஆகஸ்டில் ஆன் ஆர்பர் ப்ளூஸ் விழாவில் வாசித்து ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்டார், இனிமேல் இவரை நிறுத்த முடியாது என்று எல்லோரும் பேசினார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி மாரடைப்பு. வயது 32. ஸ்டுடியோவில் அவர் முழுதாகச் செய்து முடித்த ஆல்பங்கள் அந்த இரண்டுதான், இரண்டும் டெல்மார்க்கில்.

இதே காலத்தில் அதே லேபிளில் முற்றிலும் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ப்ளூஸ் ரசிகர்கள் பலருக்கு இது தெரியாது, ஜாஸ் ரசிகர்கள் பலருக்கு மேலே சொன்னது தெரியாது. 1965-ல் சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்கள், பியானோ கலைஞர் முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முன்னின்று, ஏஏசிஎம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவரவர் எழுதிய இசையை அவரவரே நிகழ்ச்சி ஏற்பாடு செய்து வாசிப்பது என்பது திட்டம். எந்த லேபிளும் அவர்களைச் சீண்டவில்லை. கடையில் வேலை பார்த்த சக் நெஸ்ஸா என்ற இளைஞர் அந்த நிகழ்ச்சிகளைப் போய்ப் பார்த்துவிட்டு, இவர்களைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று கோஸ்டரைப் பிடித்துக்கொண்டார். கோஸ்டரின் மனது பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸிலும் ப்ளூஸிலும்தான் இருந்தது, ஆனாலும் சம்மதித்தார். 1966-ல் சாக்ஸஃபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்' வந்தது, ஏஏசிஎம் கலைஞர்களின் முதல் ஆல்பம். அடுத்தடுத்து ஜோசஃப் ஜார்மன், முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், ஆந்தணி பிராக்ஸ்டன்.

'சவுண்ட்' ஆல்பத்தைக் கேட்டால் முதலில் குழப்பமாக இருக்கும், அதற்காக விட்டுவிட வேண்டாம். ட்ரம்பெட், சாக்ஸஃபோனுக்கு நடுவே மவுத் ஆர்கனும் மணிகளும் விளையாட்டுச் சாமான் போன்ற சின்னக் கருவிகளும் வரும், இடையிடையே நீண்ட மௌனமும் வரும். அந்த ஆண்டுகளில் நியூயார்க்கின் ஃப்ரீ ஜாஸ் என்றால் ஆவேசமாக, மூச்சு விடாமல் போகும். சிகாகோக்காரர்கள் இடம் விட்டு வாசித்தார்கள். இந்தக் கூட்டத்திலிருந்துதான் ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஜாஸ் குழு பிறந்தது. அப்புறம் பிராக்ஸ்டனின் 'ஃபார் ஆல்டோ'. 1969-ல் பதிவு, 1971-ல் வெளியீடு. இரண்டு எல்பி, நாலு பக்கம், முழுக்க ஒரே ஒரு ஆல்டோ சாக்ஸஃபோன், துணைக்கு ஒரு கருவிகூடக் கிடையாது. சாக்ஸஃபோனை மட்டும் வைத்து ஒரு முழு ஆல்பம் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. இதை ஒரு வியாபாரியிடம் போய்ச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார்? டெல்மார்க் அதை அச்சடித்தது, இன்றுவரை விற்கிறது.

ப்ளூஸ் தட்டு விற்ற காசில் இந்தப் பரிசோதனை இசை வந்தது என்று சிலர் எழுதுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அந்தக் கவுண்டரில் இருக்கிறது. லேபிளின் உரிமையாளருக்குப் பிடிக்காத, புரியாத இசையைக்கூட அவரிடம் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன் வந்து வாதாடி நுழைக்க முடிந்தது. ஏனென்றால் இருவரும் தினமும் ஒரே கடையில் நின்றார்கள், ஒரே தட்டுகளைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

வாதாடித் தோற்றவர்களும் உண்டு, அவர்கள் வெளியே போய்ச் சொந்தமாக லேபிள் ஆரம்பித்தார்கள். நெஸ்ஸா 1967-ல் தன் பெயரிலேயே ஒன்று தொடங்கி ட்ரம்பெட் கலைஞர் லெஸ்டர் போவியையும் மிட்செலையும் பதிவு செய்தார். இதைவிடப் பெரிய கதை புரூஸ் இக்லாவருடையது. 1970-ல் வாரம் 30 டாலர் சம்பளத்தில் டெல்மார்க்கில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சவுத் சைடில் ஃப்ளோரன்ஸ் லவுஞ்ச் என்ற சின்ன பாரில் ஹவுண்ட் டாக் டெய்லர் என்பவர் மலிவான கிதாரில் ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கும் குழாய்) வைத்து வாசிப்பார், கூட இன்னொரு கிதார், ஒரு டிரம்ஸ், பேஸ்கூடக் கிடையாது. இக்லாவர் இவரைப் போடுங்கள் என்று கோஸ்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கோஸ்டர் அசையவில்லை. 1971-ல் தனக்கு வந்த 2,500 டாலர் பரம்பரைச் சொத்தை எடுத்துத் தானே பதிவு செய்து, 1,000 தட்டு அச்சடித்து, காரில் போட்டுக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாகப் போனார். அதுதான் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ். பின்னாளில் ப்ளூஸில் டெல்மார்க்கைவிடப் பெரிய பெயர். அது கோஸ்டரின் பிடிவாதம் செய்த தவறு என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் தட்டு எப்படிப் போடுவது, யாருக்கு விற்பது என்பதையெல்லாம் இக்லாவர் கற்றதும் அதே இடத்தில்தான். இயர்விக் லேபிளைத் தொடங்கிய மைக்கேல் ஃபிராங்க்கும் ஜாஸ் ரெக்கார்ட் மார்ட்டில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் முதல் ப்ளூஸ் பத்திரிகையான 'லிவிங் ப்ளூஸ்' 1970-ல் இந்தக் கடையைச் சுற்றி இருந்த இளைஞர் கூட்டத்தில் இருந்துதான் வந்தது.

எழுபதுகளுக்குப் பிறகு வேகம் குறைந்தது, வெளியீடுகள் குறைந்தன. ஆனால் அந்தக் காலத்தில் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் சிகாகோவில் தையற்காரர் லெனர்ட் ஆலன் நடத்திய யுனைட்டட், ஸ்டேட்ஸ் என்ற இரண்டு லேபிள்கள் இருந்தன. கறுப்பினத்தவர் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் நடத்துவது அரிதாக இருந்த காலம். சாக்ஸஃபோன் கலைஞர் ஜிம்மி ஃபாரஸ்ட்டின் 'நைட் டிரெய்ன்' அங்கே வந்ததுதான், 1952-ல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அந்த லேபிள்கள் மூடிப்போன பிறகு அவற்றின் மாஸ்டர் டேப்புகளை, அதாவது மூல ஒலிநாடாக்களை, டெல்மார்க் வாங்கி வைத்துக்கொண்டது, ஒவ்வொன்றாக மறுவெளியீடு செய்தது. டேப்பைக் காப்பாற்றுவது யாரும் கைதட்டாத வேலை. பெரிய கம்பெனிகளின் கிடங்குகளில் எத்தனை மாஸ்டர் டேப்புகள் எரிந்தும் குப்பையிலும் போயின என்பதை நினைத்தால் இதன் மதிப்பு தெரியும். தொண்ணூறுகளில் வடக்கு ராக்வெல் தெருவில் சொந்தக் கட்டடம், அதற்குள்ளேயே ரிவர்சைடு ஸ்டுடியோ. அதன் பிறகு வெளி ஸ்டுடியோ வாடகைக் கவலையும் இல்லை. நிக்கோல் மிட்செல் என்ற புல்லாங்குழல் கலைஞரின் 'பிளாக் அன்ஸ்டாப்பபிள்' 2007-ல் இந்த லேபிளில் வந்தது. சிகாகோவில் பேருந்து ஓட்டிக்கொண்டே ப்ளூஸ் வாசித்த டொரோன்ஸோ கேனனின் ஆல்பங்களும் வந்தன.

கடை பல முகவரிகள் மாறியது, ஒரு கட்டத்தில் உலகின் மிகப் பெரிய ஜாஸ், ப்ளூஸ் கடை என்று பெயர் வாங்கியது. அப்புறம் ஆன்லைன் விற்பனை, டவுன்லோட், சிகாகோ நடுநகர வாடகை எல்லாம் சேர்ந்து 2016 பிப்ரவரியில் மூடவைத்தன. சரக்கு மொத்தமாக விற்கப்பட்டது. கோஸ்டருக்கு அப்போது 83 வயது. எந்த மனிதரும் அந்த வயதில் போதும் என்று உட்கார்ந்திருப்பார். இவர் சில மாதத்திலேயே இர்விங் பார்க் சாலையில் 'பாப்ஸ் ப்ளூஸ் அண்ட் ஜாஸ் மார்ட்' என்று இன்னொரு சின்னக் கடை திறந்து கவுண்டரில் போய் நின்றுகொண்டார். 2018-ல் லேபிளை, ஸ்டுடியோ, மாஸ்டர் டேப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்து ஜூலியா மில்லர், எல்பியோ பரிலாரி என்ற இருவருக்கு விற்றார். இருவரும் சிகாகோவில் வாழும் இசைக் கலைஞர்கள், பெரிய கம்பெனி அல்ல. லேபிளைக் கொடுத்தார், கடையைக் கொடுக்கவில்லை. 2021 மே 12-ல், 88 வயதில் இறந்தார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ப்ளூஸ் பக்கம் என்றால் முதலில் 'ஹூடூ மேன் ப்ளூஸ்', இரவில், கொஞ்சம் சத்தமாக. பிடித்துவிட்டால் 'வெஸ்ட் சைடு சோல்'. அதற்கும் பின்னால் போய்ப் பழைய சத்தம் வேண்டும் என்று தோன்றினால் ஸ்லீப்பி ஜான் எஸ்டஸ், பிக் ஜோ வில்லியம்ஸ். ஜே.பி. ஹட்டோவின் 'ஹாக் ஸ்குவாட்' ஸ்லைடு கிதார் பிடித்தவர்களுக்கு, ஜிம்மி டாக்கின்ஸின் 'ஃபாஸ்ட் ஃபிங்கர்ஸ்' அதற்கு அடுத்து. ஜாஸ் பக்கம் 'சவுண்ட்', அதுவும் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று கேளுங்கள். 'ஃபார் ஆல்டோ' ஆல்பத்தைக் கடைசியாக வையுங்கள், பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, சில மாதம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள், எனக்கு மூன்றாவது தடவைதான் வழிவிட்டது.

முடிந்தால் 'ஹூடூ மேன்' தட்டை எல்பியாகவோ சிடியாகவோ அட்டையோடு வாங்குங்கள். அந்த ஒன்றரை டாலர் கதை பின்னட்டையில் இருக்கிறது.